வெண்கலக் கூம்பு

மச்சினனின் வலது கையில் மூன்று விரல்கள் போன பன்னிரண்டாம் நாள், நங்கூரம் இழுக்கும் வின்ச்சைத் திறந்து பார்த்துவிடுவது என்று படகுக்காரர் முடிவு செய்தார். மூன்று நாளாக விடாத தூறல். கடலுக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு கோடுகூட இல்லை, இரண்டும் கழுவாத அலுமினியப் பாத்திரம் மாதிரி ஒரே நிறத்தில் கிடந்தன.

"நானும் வரேன்" என்றாள் மனைவி.

"நீ எதுக்கு? மழையில?"

"யாராவது சுவிட்சை மிதிக்கணும் இல்ல? தம்பி இருந்தா அவன் மிதிப்பான்."

அவள் ரொட்டியும் பிளாஸ்க்கில் டீயும் எடுத்துக்கொண்டாள். வெளி அறையில் மச்சினன் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தான். தலைமாட்டில் இடது கையால் சாப்பிட வாங்கிய பெரிய கரண்டி. "தம்பி, படகு ஜெட்டி வரைக்கும் போயிட்டு வரோம்டா" என்றாள் அவள். அவன் 'ம்' என்றான். எதற்கு என்று கேட்கவில்லை.

அவர்களுடையது சின்னப் படகு. துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காமல் வெளியே வரிசையில் காத்திருக்கும் கப்பல்களுக்குக் குடிதண்ணீர், காய்கறி, மருந்து என்று கொண்டுபோய்க் கொடுப்பதுதான் தொழில். கப்பலோடு ஒட்டி நின்றால் அலை தூக்கி அடித்துப் படகின் விலா நொறுங்கிவிடும். அதனால் கொஞ்சம் தள்ளி நங்கூரம் போட்டு நின்று, மேலேயிருந்து கிரேன் கொக்கி இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை நங்கூரம் இறங்கும், ஏறும். நாற்பது கிலோ இரும்பு. அதன்பின் ஐம்பது மீட்டர் சங்கிலி. இதைக் கையால் இழுத்துப் பிழைக்க முடியாது. முன்தளத்தில் முழங்கால் உயரத்துக்கு உட்கார்ந்திருக்கும் வின்ச்தான் இழுத்துக் கொடுக்கும்.

படகில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. முன்தளம் மச்சினனுடையது. சங்கிலியை விடுவதும் எடுப்பதும் அவன். ஆனால் எந்தக் கருவியையும் பிரிப்பது, உள்ளே கை வைப்பது படகுக்காரர் மட்டும். "ஓட்டுறவன் ஓட்டட்டும், திறக்கிறவன் ஒருத்தனா இருக்கட்டும். ரெண்டு பேர் திறந்தா நட்டு ஒண்ணு கூடும், இல்ல குறையும்" என்பார். மச்சினன் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்ட சட்டம்தான்.

அன்று நடந்தது இவ்வளவுதான். நங்கூரம் சேற்றைவிட்டுக் கிளம்பிப் பாதி மேலே வந்துவிட்டது. திடீரென்று வின்ச் பிடியை விட்டது. சங்கிலி வந்த வழியே கடலுக்குத் திரும்ப ஓட ஆரம்பித்தது. பின்னால் பத்தாள் தூரத்தில் கப்பலின் சுக்கான். படகு நகர்ந்தால் அதில் போய் மோதும். மச்சினன் யோசிக்கவில்லை, சங்கிலியைக் கையால் பிடித்துவிட்டான். சங்கிலி கடலுக்குள் இறங்கும் முகப்பு உருளை வரைக்கும் கை போய்த்தான் நின்றது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் முதல் தடவை படகுக்காரர் சொன்னார்: "கிளட்சை இறுக்காம விட்டுட்டான்." அடுத்து டீசல் போடுகிறவரிடம் சொன்னார். பிறகு ஐஸ் கம்பெனி வாசலில், கூடி நின்றவர்களிடம் சொன்னார். கேட்டவர்கள் எல்லாரும் 'ச்சு' கொட்டினார்கள். நான்காம் தடவை சொல்லும்போது அதைக் கண்ணால் பார்த்தது போலவே இருந்தது. உண்மையில் அவர் அப்போது பின்னால், சுக்கானில் நின்றிருந்தார்.

நேற்று மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "திறந்து பார்த்தீங்களா?"

அது மீன்முள் மாதிரித் தொண்டையில் நின்றுகொண்டது.

ஜெட்டிக் கடைசியில் படகு நனைந்து கிடந்தது. வின்ச்மேல் போட்ட தார்ப்பாயை விபத்தன்று போட்டபடியே யாரும் தொடவில்லை. அதை எடுத்தபோது அடியில் தேங்கியிருந்த தண்ணீர் லேசாகச் செங்கல் நிறத்தில் இருந்தது. துரு என்று அவர் சொல்லிக்கொண்டார். மனைவி ஒரு வாளி கடல்தண்ணீர் மொண்டு ஊற்றிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள்.

"சரி, என்ன பண்ணப் போறீங்க? எனக்கும் சொல்லுங்க. சும்மா மிதிக்க மாட்டேன்."

விளக்கிச் சொல்வது அவருக்குப் பிடித்த காரியம். எத்தனை வருத்தத்திலும் அந்த ருசி போகவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, வின்ச்சின் வயிற்றில் தட்டிக் காட்டினார்.

"இதுக்குள்ள மோட்டார். மோட்டார் சுத்தினா இந்தத் தண்டு சுத்தும். தண்டோட இந்தப் பக்கம் கயிறு சுத்துற உருளை. அது தண்டோட ஒட்டினது, தண்டு சுத்தினா அதுவும் சுத்தியே ஆகணும். அந்தப் பக்கம் சங்கிலிச் சக்கரம். ஒவ்வொரு வளையமும் உட்கார அதுல குழி இருக்கு பாரு. ஆனா அது தண்டோட ஒட்டினது இல்ல. தண்டு மேல சும்மா கோத்திருக்கு, விரல்ல தொளதொளன்னு மோதிரம் போட்ட மாதிரி."

"அப்புறம் எப்படிச் சுத்தும்?"

"அதான் கிளட்ச். சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் வெண்கலத்துல ஒரு கூம்பு. இந்த நட்டை இறுக்கினா, ரெண்டு கூம்பும் சக்கரத்தோட வயித்துக்குள்ள ரெண்டு பக்கமும் போய் இறுக்கிப் பிடிச்சுக்கும். அப்ப தண்டு சுத்தினா சக்கரமும் சுத்தும். நட்டைத் தளர்த்தினா சக்கரம் தனியா உருளும், நங்கூரம் தானா இறங்கும். பிடிக்கிறதுக்கு நடுவுல பல்லும் இல்ல, ஆணியும் இல்ல. உரசல்தான். வெறும் உரசல்."

"உரசல்லயா நாப்பது கிலோ நிக்குது?"

"நிக்கும். நீயும் நானும் இருபத்தஞ்சு வருஷமா எதுல நிக்கிறோம்?"

அவள் சிரிக்கவில்லை. ஆனால் முகத்தில் ஏதோ கொஞ்சம் இளகியது. சுவிட்சின் ரப்பர் மூடியைக் காலால் திறந்து வைத்துக்கொண்டாள்.

அவர் சாக்பீஸ் எடுத்து தண்டின் முனையில் ஒரு கோடும், சங்கிலிச் சக்கரத்தில் ஒரு கோடும் போட்டார். இரண்டும் நேருக்கு நேர். முகப்பு வளையத்தில் சங்கிலியைக் கட்டி, இழுத்தால் பாரம் விழுகிற மாதிரி வைத்தார்.

"மிதி."

மோட்டார் முனகியது. சங்கிலி விறைத்தது. கயிற்று உருளை சுற்றியது, தண்டின் கோடு கடிகார முள்போல் நகர்ந்து போனது. சக்கரத்தின் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

"போதும். எடு காலை."

"என்ன ஆச்சு?"

"நல்லது ஒண்ணு ஆச்சு. மோட்டார் நல்லா இருக்கு, பேட்டரி நல்லா இருக்கு, வயர் நல்லா இருக்கு, தண்டும் நல்லா இருக்கு. உருளை சுத்துச்சு இல்ல? அப்ப அத்தனையையும் கழிச்சுடலாம். சங்கிலி குழியைவிட்டுத் துள்ளியிருந்தா டக்கு டக்குன்னு சத்தம் வரும், சக்கரம் சுத்தும், சங்கிலி நிக்கும். இங்க சக்கரமே சுத்தல. அப்ப சங்கிலியையும் கழிச்சுடலாம். பாக்கி இருக்கிறது கிளட்ச் மட்டும்தான்."

அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. கிளட்ச் என்றால் நட்டு. நட்டு என்றால் முன்தளத்துக்காரன். கணக்கு அவர் போட்ட வழியிலேயே வந்துகொண்டிருந்தது.

ஜெட்டி மேல் தள்ளுவண்டியோடு ஐஸ்காரர் போனார். நின்று எட்டிப் பார்த்தார்.

"என்ன, புருஷனும் பொண்டாட்டியும் படகைப் பிரிச்சு எடைக்குப் போடுறீங்களா?"

"எடைக்குப் போட்டா உன் ஐஸை எவன் வாங்குவான்? போய்யா."

"போறேன், போறேன். மச்சினன் எப்படி இருக்கான்? பாவம். ஆனா நீ சொன்னதுதான் சரி. கவனம் வேணும். ஒரு நட்டை இறுக்கத் துப்பில்லாதவனுக்கு எதுக்குக் கடல்? நானே நாலு பேர்கிட்ட சொன்னேன்."

தள்ளுவண்டிச் சக்கரம் பலகைகளின் மேல் தடதடத்துக்கொண்டு போனது. மனைவி அவர் முகத்தைப் பார்க்காமல் பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினாள். நீட்டினாள். "நாலு பேராம்" என்றாள், அவ்வளவுதான்.

டீயைக் குடித்துவிட்டு அவர் கிளட்ச் கைப்பிடியை எடுத்தார். முழ நீள இரும்புக் கம்பி. அதை நட்டின் துளையில் செருகி இறுக்கவோ தளர்த்தவோ வேண்டும். செருகப் போனவர் நின்றார். கம்பி நேராக இல்லை. நடுவில் வளைந்திருந்தது.

"இது எப்ப வளைஞ்சது?"

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன முன்தளத்துக்காரியா?"

எப்படியோ செருகி இறுக்கும் பக்கம் அழுத்தினார். நட்டு அசையவில்லை. எழுந்து நின்று உடம்பு பாரத்தைக் கொடுத்து அழுத்தினார். அசையவில்லை. அது போகக்கூடிய கடைசிவரை போய் உட்கார்ந்திருந்தது. இரும்புக் கம்பியே வளைகிற அளவு யாரோ இறுக்கியிருந்தார்கள். முகப்பு ஓரத்தில் ஒரு பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டு கிடந்தது. ஒரு முனையில் கம்பியின் தடம் பதிந்திருந்தது. கைப்பிடி போதாமல், குழாயை அதன்மேல் மாட்டி நீளமாக்கி, இன்னும் இறுக்கியிருக்கிறார்கள்.

மழை சன்னமாக அவர் சட்டைக் கழுத்துக்குள் இறங்கியது.

"இறுக்கித்தானே இருக்கு?" என்றாள் மனைவி.

"இப்ப இறுக்கியிருக்கு. அன்னைக்கு இறுகலையோ என்னவோ. சங்கிலி ஓடினதுக்கப்புறம் பதறிப் போய் இறுக்கியிருப்பான்."

"எந்தக் கையால?"

அன்று சங்கிலி ஓடிய நொடியிலிருந்து ஆஸ்பத்திரிப் படுக்கை வரைக்கும் அந்தக் கை இவர் துண்டுக்குள் சுற்றியிருந்தது. இன்னொரு கை இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர்தான் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வின்ச்சை யாரும் தொடவில்லை.

"ஏங்க, அவன் உங்ககிட்ட சொன்னான். நான் சாப்பாடு போட்டுட்டு இருந்தேன், என் காதுல விழுந்தது. 'மாமா, வின்ச்சு நாளுக்கு நாள் அதிகமா நழுவுது, என்னன்னு பாருங்க'ன்னான். நீங்க என்ன சொன்னீங்க?"

"இறுக்கிப் பிடின்னேன்."

"அவன் இறுக்கிப் பிடிச்சிருக்கான்."

அதன்பின் அவர் வேகமாக வேலை செய்தார். நட்டைத் தளர்த்தவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதே குழாயை மாட்டி, அவர் மேலேயிருந்து அழுத்த, அவள் கீழேயிருந்து இழுக்க, 'கிறீச்' என்று விட்டது. நட்டு கழன்றது, வாஷர் கழன்றது. நசுங்கிப் பிளேடு போல் மெலிந்திருந்தது வாஷர். வெளிக் கூம்பை இரண்டு கையாலும் பிடித்து அவர் இழுத்தார். அது வரமாட்டேன் என்று அடம்பிடிக்கவில்லை. வெண்ணெயில் செருகிய கத்தி போல் வழுக்கிக்கொண்டு வந்தது.

கூம்பின் முகம் முழுக்க நீல நிறம்.

கிரீஸ். பளபளப்பாக, கெட்டியாக, விளிம்பில் பிதுங்கி வளையம் கட்டியிருந்தது. எவ்வளவுக்கு எவ்வளவு இறுக்கினார்களோ அவ்வளவுக்கு அவ்வளவு அது பிதுங்கி, மிச்சம் நடுவே மெல்லிய தோலாக நின்றுவிட்டது. தோல் போதும். உரசலில் நிற்கிற பொருளுக்கு நடுவே ஒரு தோல் அளவு வழுக்கல் இருந்தால் குழாய் மாட்டி இறுக்கினாலும், யானையைக் கட்டி இறுக்கினாலும் நிற்காது. சில கம்பெனி வின்ச்சுகளில் கூம்புக்கும் லேசாகத் தடவச் சொல்வார்கள். இதில் கூடாது. வின்ச் மூடிக்கு உள்பக்கம் அதைப் படமே போட்டு ஒட்டியிருக்கிறார்கள். தண்டுக்கு ஒரு கிரீஸ் டப்பா படம், கூம்புக்கு டப்பா மேல் குறுக்குக் கோடு.

நீல கிரீஸ் இந்த ஜெட்டியில் வேறு யாரிடமும் இல்லை. கப்பல் இன்ஜினியர் ஒருவர் போகும்போது கொடுத்துவிட்டுப் போன டப்பா அது. உப்புத்தண்ணீரில் கரையாது என்று படகுக்காரர் அதை எஞ்சின் அறைப் பூட்டுக்குள் வைத்திருந்தார். சாவி அவர் இடுப்பில்.

இரண்டு மாதத்துக்கு முன், புயல் எச்சரிக்கையில் துறைமுகத்தை மூடி வைத்திருந்த வாரம். மச்சினன் பெண் பார்க்கப் போயிருந்தான். படகில் தனியாக உட்கார்ந்து இவர் ஒவ்வொன்றாகப் பிரித்தார், துடைத்தார், பூசினார், மாட்டினார். எவ்வளவு சந்தோஷமான வாரம் அது. இதற்கு முன் வைத்திருந்த பழைய படகில் இருபத்திரண்டு வருஷம் இருந்த வின்ச் வேறு ரகம். அதன் கிளட்ச் பல்லும் பல்லும் கோத்துக்கொள்ளும். அதற்கு அள்ளி அப்பினாலும் தகும். அப்பாவிட்டால்தான் தப்பு. இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் விரல்கள் தாமாகவே டப்பாவுக்குள் போய், தாமாகவே கூம்பின் முகத்தில் வட்டமாகத் தடவியிருக்கின்றன. மனம் அப்போது எங்கே இருந்ததோ. மச்சினன் வந்ததும், "எல்லாம் பார்த்து வெச்சுட்டேன், நீ உள்ள கை வைக்காதே" என்று வேறு சொன்னார்.

குளிரில் கெட்டியாக இருந்தவரை கிரீஸும் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. வெயில் ஏற ஏற இளகிப் பரவியது, பரவினபின் குளிரிலும் பிடிக்காது. அவன் ஒவ்வொரு நாளும் கால் சுற்று கூட்டிக் கூட்டி இறுக்கியிருக்கிறான்.

படகுக்காரரின் வலது கை பக்கத்தில் கிடந்த மண்ணெண்ணெய்த் துணியை எடுத்தது. கிரீஸ் வரக்கூடாத இடத்தில் கிரீஸைப் பார்த்தால் துடைப்பது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. அல்லது வேறு எதற்காகவோ. அதை அவரே பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. ஐந்து நிமிஷ வேலை. இரண்டு கூம்பையும் துடைத்து மாட்டினால் வின்ச் புதுசு. ஜெட்டியில் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை.

மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"துடைக்காதீங்க."

அவர் துணியைக் கீழே வைத்தார்.

"அது அவனுக்குத் தெரியணும். நீங்க வாயால சொன்னா, நான் அழுததால சொல்றீங்கன்னு நினைப்பான். இப்படியே எடுத்துட்டு வாங்க."

"நீ எங்க அழுதே?"

"நீங்க பார்க்கல."

ரொட்டி சுற்றி வந்த பிளாஸ்டிக் பையைக் காலி செய்து அவளே நீட்டினாள். அவர் கூம்பை அதற்குள் வைத்தார். ரொட்டியை இருவரும் சாப்பிடவில்லை.

வீட்டில் மச்சினன் எழுந்து ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கட்டுப் போட்ட கை மடியில், யாரோ கொடுத்துவிட்டுப் போன பொட்டலம் மாதிரி.

"தம்பி, மாமா ஒண்ணு காட்ட வந்திருக்கார்" என்றாள் அக்கா.

படகுக்காரர் பையைப் பிரித்து, கூம்பை ஸ்டூல் மேல் வைத்தார். மச்சினன் அதையே பார்த்தான். பிறகு இடது கையின் கட்டை விரலால் தொட்டு, சுட்டு விரலோடு தேய்த்துப் பார்த்தான். மோந்து பார்த்தான்.

"இது நீல கிரீஸு."

"ஆமா மாப்ள."

"இங்க இது வரக்கூடாதே."

"கூடாது."

"யார் வெச்சது?"

அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டான். படகுக்காரருக்கும் அது தெரிந்தது.

"நான்."

வெளியே குழாயடியில் யாரோ குடத்தை இறக்கும் சத்தம் கேட்டது. மச்சினன் சத்தம் போடவில்லை. அவன் கத்துவான் என்று எண்ணி அதற்குத் தயாராக வந்திருந்தார் அவர். தோள்களைக்கூடக் குறுக்கி வைத்திருந்தார்.

"நான் எண்ணிட்டே இருந்தேன் மாமா" என்றான் அவன். "படுத்துக்கிட்டு அதான் வேலை. முதல் சுத்து, ரெண்டாம் சுத்து, அப்புறம் குழாய மாட்டி ஒரு கால் சுத்து. தினமும் எண்ணித்தான் இறுக்குவேன். அன்னைக்கு எண்ணினேனா இல்லையான்னு... எண்ணின மாதிரித்தான் இருந்தது. ஆனா நீங்க அவ்வளவு உறுதியாச் சொன்னீங்களா, சரி, நான்தான் விட்டுட்டேன் போலிருக்குன்னு ஆயிடுச்சு. டாக்டர் கேட்டப்ப நானே சொன்னேன், இறுக்க மறந்துட்டேன்னு. பொண்ணு வீட்டுலேருந்து அவ அப்பா போன் பண்ணாரு. அவர்கிட்டயும் சொன்னேன். கவனமில்லாம இருந்துட்டேன்னு. அவர் சரிப்பான்னு வெச்சுட்டாரு. அப்புறம் பண்ணல."

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இது அவளுக்கும் புதுச் செய்தி.

"மாப்ள, நானே அவர்கிட்ட பேசுறேன். ஜெட்டியில நாலு பேர் இல்ல, நாப்பது பேர்கிட்ட சொல்றேன். இன்னைக்கே..."

"சொல்லுங்க." குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "துடைக்காம கொண்டு வந்திருக்கீங்களே."

பொய் சொல்ல நல்ல இடம் அது. ஒரு தலையசைப்பு போதும்.

"துடைக்கத்தான் போனேன். உங்க அக்காதான் கையப் பிடிச்சா."

மச்சினன் முதல் தடவையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு கூம்பை இடது கையால் இழுத்து, மடியில், கட்டுப் போட்ட கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். வேட்டியில் நீலம் அப்பியது.

"இது இங்கயே இருக்கட்டும்."

"எதுக்குடா?" என்றாள் அக்கா. "அது இல்லாம நங்கூரம் ஏறாதே. நாளைக்கு ரெண்டு கப்பலுக்குத் தண்ணி ஏத்தணும்னு..."

"இருக்கட்டும்கா."

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் மனத்தில் நாளைக் காலையின் தண்ணீர்த் தொட்டிகள் வரிசையாக வந்து நின்றன. இன்னொரு கூம்பு வாங்கலாம். கடைத்தெருவில் கிடைக்கும், அரை மணி நேர வேலை. வாங்கப் போவதில்லை என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"சரி மாப்ள" என்றார். "உன்கிட்டயே இருக்கட்டும்."

வாசல் குழாயடியில் கை கழுவினார். பச்சைத் தண்ணீருக்கு அந்த கிரீஸ் போகாது. சோப்புப் போட்டு, மண் போட்டுத் தேய்த்தார். நகக்கண்ணில் நீலம் நின்றது. மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"எத்தனை நாளைக்குன்னு கேட்டீங்களா?"

"கேக்கல."

"நான் கேக்கட்டுமா?"

"வேண்டாம்."

குடையை எடுக்காமல் அவர் ஜெட்டிக்கு நடந்தார். ஐஸ்காரர் ஐஸ் கம்பெனி வாசலில் நான்கைந்து பேரோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். படகுக்காரர் நேராக அவர்களிடம் போனார். அவர் சொல்லி முடிக்கும்வரை யாரும் 'ச்சு' கொட்டவில்லை. ஒருவர் மட்டும், "இதை ஏன்யா இப்ப வந்து சொல்றே? ஆனது ஆயிடுச்சு" என்றார். அதற்கும் அவர் நின்று, கூம்பு எப்படிப் பிடிக்கும், கிரீஸ் பட்டால் ஏன் பிடிக்காது என்று முதலிலிருந்து விளக்கினார். பாதியில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கிப் போனார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குச் சொல்லி முடித்தார்.

பிறகு படகில் ஏறி, கூம்பில்லாத தண்டின் மேல் தண்ணீர் இறங்காமல் தார்ப்பாயைப் போர்த்தினார். முன் கயிற்றை அவிழ்த்தார். நாளைக்குப் புறப்படும் படகைக் கட்டுகிற முடிச்சு வேறு, எப்போது என்று தெரியாத படகைக் கட்டுகிற முடிச்சு வேறு. அவர் இரண்டாவதைப் போட்டு, இழுத்துப் பார்த்து, பின் கயிற்றுக்குப் போனார்.